பியர்டட் டிராகனுக்குத் தொட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல நீளத்தைப் பாருங்க!

வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி. 'இந்தச் சின்னத் தொட்டி போதுமே'னு தோணும். அங்கேதான் தப்பு. ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பல்லியான பியர்டட் டிராகன், ஒன்றரை வருஷத்துக்குள் 45 முதல் 60 செ.மீ வரை வளர்ந்துவிடும். குறைந்தது 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும்.

நீளம் ஏன் முக்கியம்? இதற்கு உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. ஒரு முனையில் விளக்குக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 25 டிகிரி இருந்தால், தேவைக்கேற்ப நகர்ந்து சமாளிச்சுக்கும். சின்னத் தொட்டியில் மொத்தமும் அடுப்பாகிவிடும்; ஒதுங்க இடமே இருக்காது.

ஜன்னலோரம் வெச்சா வெயில் படுமேன்னு நினைக்காதீங்க. ஜன்னல் கண்ணாடி யுவிபி கதிரைத் தடுத்துவிடும். வெறும் சூடுதான் உள்ளே போகும். அந்தக் கதிர் இல்லாவிட்டால் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் சேராது. எலும்பு மெலிந்து கால் வளைந்துவிடும். அதனால் தொட்டி நீளத்தில் பாதிக்காவது வரும் யுவிபி டியூப் லைட் அவசியம். அது நல்லா எரிஞ்சாலும் நாளாக நாளாகக் கதிர் குறையும். வருஷத்துக்கு ஒருமுறையாவது மாத்திடுங்க.

தரையில் மணல் அழகாத்தான் இருக்கும். ஆனா, குட்டி அதை இரையோடு விழுங்கினா குடல் அடைக்கலாம்; டைல்ஸ் போதும். ஜோடியா வளர்க்க ஆசையா? வேண்டாம். ஒரே தொட்டியில் ரெண்டை விட்டா, வால் நுனியும் விரலும் கடிபடும்.