வீட்டிலிருந்து பௌதிகவியல் பயில்வோர்க்குப் பாடநெறியைத் தேர்வது எங்ஙனம்?

ஏகலைவனின் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. குருவின் பாவையை முன்னிறுத்தி, வனத்தில் தனித்திருந்து வில்வித்தை பயின்றவன் அவன். அவனது பக்தியையும் விடாமுயற்சியையும் நாம் புகழ்கின்றோம். ஆயினும் அக்கதையில் நாம் கவனியாது விடும் ஒன்று உண்டு. வில்லெடுத்த போதெல்லாம் அவனுக்கு முன்னே ஓர் இலக்கு இருந்தது. எய்த அம்பு பிழைத்தால் அப்பிழை அக்கணமே கண்ணுக்குப் புலனாயிற்று. ஆசான் அருகில்லாத குறையை அவ்விலக்கே நிறைவு செய்தது.

பௌதிகவியலைத் தனித்துப் பயிலும் பிள்ளைக்கும் அத்தகைய இலக்கு ஒன்று வேண்டும். நோயினாலோ, இடமாற்றத்தினாலோ, முன்னர்ப் பெற்ற பெறுபேறு போதாமையினாலோ பாடசாலையை விட்டு வீட்டிலிருந்தே உயர்தரத்திற்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளைகள் நம் கொழும்பு நகரில் உளர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீதிக்கு வீதி தனியார் வகுப்புக்களின் விளம்பரங்கள் தொங்குகின்றன. அவற்றிற்கு மேலாக, வீட்டிலிருந்தவாறே தம் வசதிப்படி பயிலத்தக்க பாடநெறிகளும் கணினி வழியாக வந்து குவிகின்றன. இவற்றுள் எது நன்று எனப் பெற்றோர் வினவுகின்றனர். பிள்ளை பிழைவிடும்போது அப்பிழையை விரைவில் அவனுக்கே உணர்த்தும் பாடநெறி எதுவோ, அதுவே நன்று என்பது நம் விடை. அதனை எவ்வாறு அறிந்து தேர்வதென ஈண்டு நோக்குவோம்.

முதலிற் பரீட்சையைத் தெரிக

நம் நாட்டில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. ஆதலின் இங்கு நாம் கருதுவது அவ்வெல்லையைக் கடந்த உயர்தர மாணவரையே. அவர்கள் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத் தோற்றலாம். பௌதிகவியலில் இரு வினாத்தாள்கள் உள. முதலாவது, 2 மணித்தியாலத்தில் 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாவது, 3 மணித்தியாலத்தில் 4 அமைப்புக் கட்டுரை வினாக்களும், ஆறனுள் தேர்ந்தெடுக்கும் 4 கட்டுரை வினாக்களும். அளவீடு தொடங்கிச் சடமும் கதிர்ப்பும் ஈறாகப் பாடத்திட்டத்தில் 11 அலகுகள் அடங்கும்.

வெளிநாட்டுப் பரீட்சைகளை நாடுவோர் மற்றொன்றையுங் கவனித்தல் வேண்டும். கேம்பிரிட்ஜ் உயர்தரப் பௌதிகவியலின் மூன்றாம் தாள் ஆய்வுகூடத்தில் கருவிகளைக் கையாண்டு செய்ய வேண்டிய பரீட்சை. பியர்சன் எடெக்செல் சர்வதேச உயர்தரத்திலோ, செய்முறைத் திறனைச் சோதிக்கும் மூன்றாம், ஆறாம் அலகுகள் எழுத்துத் தாள்களாகவே நடைபெறுகின்றன. ஆய்வுகூட வசதியற்ற வீட்டிலிருந்து பயிலும் பிள்ளைக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. பாடநெறிக்குப் பணங் கட்டுமுன்னரே இதனைத் தீர்மானித்துக்கொள்ளல் வேண்டும்.

ஒரு சொல், இரு பொருள்

தமிழிற் பயில்வோர்க்கு இன்னோர் இடர் உண்டு. தமிழ்நாட்டின் பாடநூல்களும் விளக்கப் படங்களும் இக்காலத்தில் எளிதிற் கிடைக்கின்றன. அவற்றுட் பல மிகச் சிறந்தவை. ஆனால் கலைச்சொற்கள் நம்முடையவற்றினின்றும் வேறுபடுகின்றன. நாம் ஆர்முடுகல் என்பதை அவர்கள் முடுக்கம் என்பர். நாம் கொள்ளளவி என்பதை அவர்கள் மின்தேக்கி என்பர். இவை வெவ்வேறு சொற்களாதலின் மாணவன் விழிப்படைந்து விடுவான்.

ஒரே சொல் இரு பொருளில் வழங்குமிடத்தே தான் ஆபத்து உளது. 50 கிலோகிராம் என்பதை நாம் திணிவு என்கின்றோம்; அதன்மீது புவி செலுத்தும் ஏறத்தாழ 489 நியூற்றன் விசையை நிறை என்கின்றோம். தமிழ்நாட்டு நூலிலோ அந்த 50 கிலோகிராமே நிறை. விசைக்குப் பெயர் எடை. அவ்வாறே, திசையுங் கூடிய கணியத்தை நாம் வேகம் என்போம். திசையற்றதைக் கதி என்போம். அவர்களுக்கு வேகம் திசையற்றது, திசையுடையது திசைவேகம். இதனை அறியாத பிள்ளை, தான் விளங்கிக்கொண்டதாகவே எண்ணிப் பரீட்சையிற் பிழையான விடையை எழுதிவிடும். அந்நூல்களைத் தள்ளிவிடுக என நாம் கூறவில்லை. இச்சொற்களின் அட்டவணை ஒன்றை முதல் வாரத்திலேயே எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்தல் போதும்.

தன் வேகம் என்பதன் பொருள்

மாணவன் தன் வேகத்திற் பயிலும் முறை கணினியோடு பிறந்ததன்று. அமெரிக்க உளவியலறிஞர் பிரெட் கெல்லர் தம் தோழர்களுடன் 1960களில் அதனை வகுத்து, 1968 இல் கட்டுரையாக வெளியிட்டார். பாடம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்படும். ஓர் அலகில் முழுத் தேர்ச்சி காட்டிய பின்னரே அடுத்ததற்குச் செல்லலாம். தேறாதவனுக்குத் தண்டனையில்லை, மீண்டும் பயின்று மீண்டும் சோதனைக்கு வரலாம். மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் பௌதிகவியலும் இம்முறையிற் கற்பிக்கப்பட்டது. அம்முறையின் உயிர்நாடி அலகுதோறும் நடைபெற்ற சோதனையே. அதன் பெருங்குறை யாதெனில், காலவரையறை இன்மையாற் பலர் வேலையைப் பிற்போட்டுக்கொண்டே சென்றமை.

இன்று விற்பனையாகும் பாடநெறிகள் பலவற்றில் விரிவுரைப் படங்கள் நிறைய உள, சோதனை குறைவு. படத்தைப் பார்த்து முடித்தவுடன் திரையில் நூற்றுக்கு நூறு என்று தோன்றும். அது பார்த்ததன் அளவேயன்றிக் கற்றதன் அளவாகாது. ஆதலால் பெற்றோர் கேட்க வேண்டியவை இவை: ஒவ்வோர் அலகின் முடிவிலும் எழுத்துச் சோதனை உண்டா? எழுதிய விடையைத் திருத்துபவர் யார்? பிழையான படி எதுவெனக் காட்டப்படுமா? 11 அலகுகளுக்கும் முடிவுத் தேதி குறித்த நாட்காட்டி உண்டா? இவற்றிற்கு நேரான விடை தராத பாடநெறி எத்துணைக் கவர்ச்சியுடையதாயினும் வேண்டாம்.

விலையற்றவையும் உள

பணமின்மையாற் பிள்ளையின் கல்வி நின்றுவிடுமோ எனப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவவில் மும்மொழிகளிலும் பாடங்கள் உள. ஆங்கிலம் வாசிக்க வல்லவர்க்கு, அமெரிக்காவின் றைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியீடான கல்லூரிப் பௌதிகவியல் என்னும் நூல் உண்டு. அது நுண்கணிதமின்றி அட்சரகணிதத்தைக் கொண்டே விளக்குவது. இணைந்த கணிதம் பயிலாத உயிரியற்பிரிவு மாணவர்க்கும் அது பொருந்தும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் என்னுந் திட்டத்தை 2002 இல் நோபல் பரிசாளர் கார்ல் வீமன் தொடங்கினார். அங்கே மின்சுற்றுக்களையும் அலைகளையும் திரையில் இயக்கிப் பார்க்கலாம்.

ஆயினும் திரையில் அசையும் ஊசல் ஒருபோதும் பிழை விடாது. கையிலுள்ள ஊசலே பிழை கற்பிக்கும். ஒரு மீற்றர் நூலில் சிறு பூட்டொன்றைக் கட்டித் தொங்கவிட்டு, ஓர் அலைவை மட்டும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அது ஏறத்தாழ 2 செக்கன் எடுக்கும். கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 செக்கன் தவறினாலும் வழு நூற்றுக்கு 10. அதே கை 20 அலைவுகளைச் சேர்த்து அளந்தால், 40 செக்கனில் அந்த 0.2 செக்கன் நூற்றுக்கு 0.5 ஆகக் குறைந்துவிடும். பின்னர் நூலை 25 சென்ரிமீற்றராகக் குறைத்தால் அலைவுகாலம் பாதியாகும். நீளம் நான்கிலொன்றாக, நேரம் ஏன் இரண்டிலொன்றாயிற்று என்ற வினாவைப் பிள்ளை தானே கேட்கும். உயர்தர அமைப்புக் கட்டுரை வினாக்கள் சோதிப்பதும் இத்தகைய அனுபவத்தையே. வீட்டிற் செய்யத்தக்க பரிசோதனைகளைக் கட்டளையிடாத பாடநெறி அரைப் பாடநெறியே.

ஒரு வார ஒத்திகை

தெரிவு செய்யுமுன் ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். இரு பாடநெறிகளில் ஒரே அலகின் மாதிரிப் பாடங்களைப் பிள்ளை பயிலட்டும். மறுநாள் திரையை மூடிவிட்டு, அவ்வலகிற்குரிய கடந்தகால வினாவொன்றைத் தாளில் எழுதட்டும். அதனைப் பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்துடன் ஒப்பிட்டுத் திருத்துங்கள். எப்பாடநெறியின் பின் எழுதிய விடை சிறந்ததோ, அதனையே கொள்ளுங்கள்.

இதற்குப் பெற்றோர் பௌதிகவியல் அறிந்திருத்தல் வேண்டுமோ எனின், வேண்டியதில்லை. மாலைதோறும் மூன்று வினாக்கள் போதும். விடையின் அலகு யாது? எந்த விதியைக் கொண்டு பெற்றாய்? அவ்வெண் நம்பத்தக்கதா? காலி வீதியிற் செல்லும் பேருந்து செக்கனுக்கு 300 மீற்றர் ஓடுகின்றதென மகன் விடை கண்டால், ஒலியே செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் தான் செல்லும் என்பதை அவனுக்கு நினைவூட்டுங்கள். அவன் தன் தாளை மீண்டும் பார்ப்பான்.

வகுப்பறையில் அமர்ந்த பிள்ளையின் பிழையை ஆசிரியரும் அயலிலுள்ள தோழனும் அன்றன்றே கண்டுவிடுவர். வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு அந்த வாய்ப்பில்லை. இரு வருடம் உழைத்து, பரீட்சை மண்டபத்திலேதான் முதன்முதலாகத் தன் பிழையைக் காண்பதென்பது எப்பிள்ளைக்கும் நேரக்கூடாத துயரம். ஆதலின் பாடநெறியைத் தேரும் பெற்றோர் விளம்பரத்தின் வண்ணத்தை நோக்காது, பிள்ளையின் கையெழுத்திலுள்ள விடைத்தாளை நோக்குவாராக.