பூட்டில்லாத தறி

"மென்பொருளைச் சும்மா கொடுத்துட்டா செஞ்சவன் எப்படிண்ணே பிழைப்பான்?" வந்தவாசி டீக்கடையில் ஆரணித் தம்பி ஒருவர் கேட்டார். பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். பதிலை அவர் ஊர்த் தறியிலிருந்தே தொடங்கினேன்.

தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டி, லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் வடிவமைத்தது. அதில் மாட்டிய அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே எழும். ஓட்டை இல்லையென்றால் இழை அசையாது. அட்டையை மாற்றினால் போதும், மயில் போய் அன்னம் வரும். 1806-இல் பிரெஞ்சு அரசு அதைப் பொதுச்சொத்தாக அறிவித்தது. ஜக்கார்டு பட்டினி கிடக்கவில்லை. ஓய்வூதியமும், தறி ஒன்றுக்கு இவ்வளவு என்று பங்கும் கிடைத்தன. 1812-இல் பிரான்சில் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின. (லியோன் நெசவாளர்கள் முதலில் அதைக் கொளுத்தினார்கள். பிழைப்புப் பயம் அன்றும் இருந்தது.)

கட்டற்ற மென்பொருளும் அந்த வழிதான். நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். அந்த மென்பொருளை யாரும் ஓட்டலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். 1989-இல் வந்த ஜிபிஎல் உரிமம் ஒரு நிபந்தனை போட்டது: மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். வாங்கியவன் பூட்டுப் போட முடியாது. இந்தச் சூட்சுமம் இல்லாமல், அதே உரிமத்தில் வந்த லினக்ஸ் இயங்குதளம் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் கணிப்பு. ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் அதன் கருதான்.

சரி, பிழைப்பு? லினக்ஸைப் பராமரித்துக் கொடுத்தே காசு பார்த்த ரெட் ஹேட் கம்பெனியை 2019-இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. நிரல் எல்லோருக்கும் திறந்தே கிடந்தது. காசு வந்தது உழைப்புக்கு.

காசே வாங்காமல் உழைத்தவர்களும் உண்டு. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து தந்த தமிழ் நூல்களை இன்று யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

தம்பி, கிராக் போட்ட மென்பொருளை விட்டு கிம்ப், இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற வரைகலை மென்பொருள்களைப் பழகுங்கள். தறிக்கான கோப்பாக மாற்றும் கடைசி வேலைக்குக் கம்பெனி மென்பொருள் தேவைப்படலாம், படம் வரைய அது தேவையில்லை. கையோடு, யாருக்கும் தனிச்சொந்தமில்லாத பழைய புட்டாக்களை ஸ்கேன் செய்து விக்கிமீடியா காமன்ஸ் என்ற கட்டற்ற படக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள்.