கதவைத் தட்டித் தொடங்கும் மான் வேட்டை

காலையில் காபி டம்ளரோடு பின்பக்கக் கதவைத் திறந்தால் புல்தரையில் நாலு மான் நிற்கும். நம்மைப் பார்க்கும், காதை ஆட்டும், மறுபடி மேயும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தலைநகர் மேடிசனுக்கு மேற்கே இருக்கிறது என் மகள் குடியிருக்கும் சிற்றூர். அங்கே போய் இறங்கிய அக்டோபர் மாதம் முதல் நாலு நாள் நான் வாயைப் பிளந்துகொண்டு அந்த மான்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மகளுக்கு எரிச்சல். "அப்பா, சும்மா ரசிக்காதீங்க. நான் வெச்ச ரோஜாச் செடி ஒண்ணைக்கூட மிச்சம் வைக்கலை அதுங்க."

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. நாற்பது வருடம் பால் பண்ணை நடத்தியவர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி அவரும் அதே மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். "இந்த வருஷம் எனக்கு வேட்டைக்கு இடமில்லை" என்றார். எனக்குப் புரியவில்லை. அந்த மாநிலத்தில் மட்டும் பதினைந்து லட்சத்துக்கும் மேல் மான்கள். கொல்லைப்புறத்திலேயே நாலு நிற்கிறது. இதில் இடமில்லை என்றால் எப்படி?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அடுத்த சில வாரங்கள் அவருடைய பழைய பிக்கப் வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். பிறந்தது அந்தியூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம் என்பதால் காடு, தடம், புழுக்கை என்றால் எனக்கும் கொஞ்சம் தெரியும்.

முன்னாலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம், சிறைதான். அங்கே அரசே உரிமம் கொடுத்துச் சுடச் சொல்கிறது. காரணம் இருக்கிறது. மானைத் தின்ன வேண்டிய ஓநாய்களை அந்த மாநிலத்தில் 1960-க்குள் ஒழித்துவிட்டார்கள். எழுபதுகளின் நடுவில் அவை வடக்குக் காடுகளுக்குத் திரும்பி வந்தன. ஆனால் தெற்கே பண்ணைகள் நிறைந்த பகுதியில் வளர்ந்த மானை அடிக்க மனிதனையும் காரையும் விட்டால் அநேகமாக வேறு ஆள் இல்லை. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கும். ஒன்பது நாள். ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் உரிமம் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். நம்மூரில் பொங்கலுக்குச் சொந்த ஊர் போகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மான் ஊர்ச்சொத்து, நிலம் தனிச்சொத்து

அங்கே சட்டப்படி காட்டு மான் யாருக்கும் சொந்தமில்லை. மக்கள் எல்லோருக்கும் பொது; அரசு காவல்காரன் மாதிரி. அதன் இறைச்சியை விற்கக்கூடாது. ஆனால் அந்த மான் நிற்கும் நிலம் இருக்கிறதே, அது பெரும்பாலும் தனியாருடையது. என் மான் என்று யாரும் சொல்ல முடியாது, என் நிலத்தில் கால் வைக்காதே என்று யாரும் சொல்லலாம். சிக்கல் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான்.

பெரியவருடைய கதையும் அதுதான். 2000-களின் தொடக்கத்தில் விஸ்கான்சினில் பதினாறாயிரம் பால் பண்ணைகள் இருந்தன. இன்று ஆறாயிரத்துக்கும் கீழே. மூடியவற்றில் இவருடையதும் ஒன்று. மாட்டை விற்றார், பிறகு நிலத்தையும் விற்றார். வாங்கியவர் வெளியூர்க்காரர். முதல் வேலையாக எல்லை நெடுக 'அத்துமீறி நுழையாதே' பலகை அடித்துவிட்டார். ஒரு நாள் அந்த வழியாகப் போனபோது பெரியவர் வண்டியை நிறுத்தினார். "அந்த வேலிக் கம்பங்கள் என் அப்பா நட்டவை" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை எடுத்துவிட்டார்.

பொது நிலம் இல்லாமல் இல்லை. வடக்கே ஷெக்வாமெகன்-நிக்கோலே தேசிய வனம் மட்டும் பதினைந்து லட்சம் ஏக்கர். ஆனால் அது பல மணி நேரப் பயணம். அருகில் விஸ்கான்சின் ஆற்றங்கரையோரம் அரசு நிலம் உண்டு. ஒரு சனிக்கிழமை அங்கே போனோம். நிறுத்துமிடத்தில் ஏற்கெனவே ஏழு வண்டிகள் நின்றன. அது வில் அம்பு வேட்டைக்கான காலம்தான், துப்பாக்கி சீசன் அன்று இது மூன்று மடங்காகும் என்றார். இன்னொரு வகையும் இருக்கிறது. காட்டை ஒழுங்காகப் பராமரிப்பதாக ஒப்புக்கொண்ட தனியாருக்கு 1985-ல் வந்த சட்டப்படி சொத்து வரியில் சலுகை. அந்தக் காட்டைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தால் சலுகை கூடும். மூடி வைத்தால் கூடுதலாகக் கட்ட வேண்டும். திறந்த காட்டில் யாரும் கேட்காமலே நுழைந்து வேட்டையாடலாம். எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படித் திறந்து கிடந்தவை எல்லாம் செங்குத்துச் சரிவுகள். எழுபது வயது முழங்காலுக்கு ஆகாது.

வரைபடம் முதலில், கால் பிறகு

பெரியவர் மேஜையில் ஒரு புத்தகத்தை விரித்தார். மாவட்டம் முழுவதற்கும் எந்த நிலம் யார் பெயரில் என்று அச்சிட்ட வரைபடம். நம்மூர்ப் பட்டாவையும் புல வரைபடத்தையும் ஒன்றாகக் கட்டியது போல. நிலம் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. ஒரு சதுர மைல் 640 ஏக்கர், அதில் கால் 160, அதிலும் கால் 40. 1785-ல் போட்ட அளவு முறை. இப்போது இதெல்லாம் கைபேசிச் செயலியிலேயே வருகிறது, நாம் நிற்கும் புள்ளிகூட எல்லைக் கோட்டின் எந்தப் பக்கம் என்று காட்டுகிறது. அவருக்குப் புத்தகம்தான் சரிப்பட்டது.

மான் எங்கே இருக்கும் என்பதற்கு அவருடைய கணக்கு எளிது. வயிற்றுக்கு ஒரு இடம், படுக்கைக்கு ஒரு இடம், இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. பகலில் அடர்த்தியான புதரில் படுக்கும். விடியலிலும் அந்தியிலும் மேயக் கிளம்பும். அதனால் நடுக்காட்டைவிடக் காடும் வயலும் சந்திக்கும் ஓரம்தான் முக்கியம். அந்த மாநிலத்தின் தென்மேற்கு மூலையைப் பனிக்காலப் பனிப்பாறைகள் தொடவே இல்லையாம். அதனால் மற்ற இடம் போல் தட்டையாக இல்லாமல் கரடும் பள்ளமுமாக இருக்கிறது. மேட்டில் ஓக் மரக் காடு, கீழே மக்காச்சோளம், சோயா, குதிரைமசால். மானுக்கு விருந்து.

வரைபடத்தில் சம உயரக் கோடுகளைப் பார்த்தே அவர் விரலை வைப்பார். இரண்டு மேடுகளுக்கு நடுவே தாழ்ந்த கணவாய், அகலமான காடு திடீரென்று குறுகும் இடுக்கு, ஓடை வளையும் முனை. மானும் நம்மைப் போலத்தான், சுலபமான வழியில் போகும் என்றார். பிறகு சாயங்காலங்களில் பொதுச் சாலையோரம் வண்டியை நிறுத்தி, பைனாகுலரில் எந்த வயலில் எந்த மூலையிலிருந்து மான் இறங்குகிறது என்று குறித்துக்கொள்வோம். உள்ளே போகவில்லை. பார்த்து வைக்கக்கூட அனுமதி வேண்டும்.

மூன்று வீடு

எனக்கு இந்த வேலையில் மிகவும் கடினமாகப் பட்டது மலை ஏறுவதல்ல, முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவது. பெரியவர் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டார். வேட்டை உடையில் போகக்கூடாதாம். "இதைக் கோடையிலேயே செய்திருக்க வேண்டும். சீசனுக்கு முந்தின வாரம் வந்து நிற்பவனை யாருக்கும் பிடிக்காது" என்று முனகிக்கொண்டே வந்தார்.

முதல் வீட்டில் நிலத்தை ஏற்கெனவே சிகாகோ ஆட்களுக்குக் குத்தகைக்கு விட்டாயிற்று. வேட்டைக்கு மட்டும் ஆண்டுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம். காசு உள்ளவர்கள் இப்படி எடுத்துக்கொள்வதால்தான் பழைய பக்கத்து வீட்டு உரிமையெல்லாம் போய்விட்டது என்று பெரியவருக்கு வருத்தம். இரண்டாவது வீட்டில் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றி நன்றி சொன்னார்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம். உள்ளூர்க்காரர், வயதானவர், என்ன கெட்டுவிடும்? அப்போதுதான் 2004-ல் நடந்ததைச் சொன்னார். மாநிலத்தின் வடக்கே, நவம்பர் 21. தனியார் நிலத்தில் மரத்தில் கட்டியிருந்த பரண் ஒன்றில் வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிலத்துக்காரர்கள் வந்து கேட்க, வாய்த்தகராறு. அவர் சுட்டதில் ஆறு பேர் இறந்தார்கள், இரண்டு பேர் காயம். சுட்டவர் லாவோசிலிருந்து வந்த ஹமாங் இனத்தவர். வியட்நாம் போருக்குப் பிறகு அகதிகளாக வந்த மக்கள் அவர்கள். வேலியே இல்லாத மலைக்காடுகளில் வேட்டையாடிப் பழகிய சமூகத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத கோட்டுக்கு இந்தப் பக்கம் பொது, அந்தப் பக்கம் தனியார் என்பது எவ்வளவு புதிதாக இருந்திருக்கும்! வழி தவறி வந்ததாகவும், தன்னை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள் என்றும் அவர் நீதிமன்றத்தில் சொன்னார். உயிர் பிழைத்தவர்கள் சொன்னது வேறு. அவருக்கு ஆயுள் தண்டனை. இரண்டு வருடம் கழித்து, 2007 ஜனவரியில், இன்னொரு காட்டில் ஹமாங் வேட்டைக்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த வன்மத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. கதவைத் தட்டுவது மரியாதைக்காக மட்டும் இல்லை என்று புரிந்தது.

மூன்றாவது வீடு, கணவரை இழந்த ஓர் அம்மா. சோயாவும் மக்காச்சோளமும் போட்டிருந்தார். எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை, நேராக வயல் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். காட்டை ஒட்டிய பத்துப் பதினைந்து வரிசை சோயா மொட்டையாக நின்றது. எங்கள் ஊரில் காட்டுப்பன்றி புகுந்த வயலைப் பார்த்திருக்கிறேன். அதே வயிற்றெரிச்சல்தான் அந்த அம்மா முகத்திலும். அனுமதி தந்தார், மூன்று நிபந்தனையோடு. கொம்புக்கு ஆசைப்படாமல் முதலில் பெண் மானைச் சுட வேண்டும். அது குறைந்தால்தான் கூட்டம் குறையும். விழுந்து கிடக்கும் வடக்கு வேலியைச் சரிசெய்து தர வேண்டும். சுட்ட மானை நோய்ச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் அந்தப் பகுதியின் பெரிய கவலை. மானின் மூளையை அரித்து, உடல் இளைத்துச் சாகடிக்கும் ஒரு நோய். மருந்து இல்லை. விஸ்கான்சினில் 2002-ல் முதன்முதலாகக் கண்டுபிடித்தது இந்தத் தென்மேற்குப் பகுதியில்தான். நோய்க் கிருமி என்று சொல்ல முடியாது, உருமாறிய புரதம். மண்ணில் பல வருடம் அப்படியே கிடக்கும். மனிதருக்கு வந்ததாக இதுவரை நிரூபணம் இல்லை, ஆனாலும் நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்கிறார்கள் சுகாதாரத் துறையினர். ஆக, மான் செழிக்கும் அருமையான நிலமும் நோய் ஊறிப்போன நிலமும் அங்கே ஒன்றாகவே கிடக்கின்றன.

காற்று எந்தப் பக்கம்

மறுநாள் வேலியை நிமிர்த்திவிட்டுத்தான் காட்டுக்குள் போனோம். இங்கே நானும் கொஞ்சம் உதவினேன். ஈரமண்ணில் குளம்படி, புதிய புழுக்கை, புல்லில் மான் படுத்து அமுங்கிய நீள்வட்டம். இளமரத்தில் பட்டை உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. ஆண் மான் கொம்பைத் தேய்த்த இடம். தாழ்ந்த கிளைக்குக் கீழே தரை கீறிக் கிடந்தது. நவம்பரில் இணை சேரும் காலத்துக்கு அது விட்டு வைத்த விலாசம். ஓக் கொட்டையிலும் மானுக்கு ருசி உண்டு. இலை ஓரம் வட்டமாக இருக்கும் வெள்ளை ஓக்கின் கொட்டையில் துவர்ப்பு குறைவு, அதை முதலில் தின்னும். முள் போல் கூரான இலையுடைய சிவப்பு ஓக் பிறகுதான்.

நான் நல்ல தடம் ஒன்றைக் காட்டி, இங்கேயே உட்காரலாமே என்றேன். அவர் பையிலிருந்து மாவுப் பொடியை எடுத்து ஊதினார். அது மெல்ல மான் படுக்கும் புதர்ப் பக்கம் போனது. "இங்கே உட்கார்ந்தால் நான் வந்திருப்பது எனக்கு முன்னால் அவற்றுக்குத் தெரிந்துவிடும்." சாயங்காலம் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கும், காலை வெயில் ஏறினால் மேலே போகும். அதையும் கணக்கில் எடுத்து, நாங்கள் வந்துபோகும் வழி மானின் வழியைக் குறுக்கிடாமல் இருக்கிறதா என்று பார்த்து, கடைசியில் தடத்திலிருந்து நூறு தப்படி தள்ளி ஒரு விழுந்த மரத்தடியைத் தேர்ந்தெடுத்தார். மரத்தில் பரண் வேண்டாம் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

எங்கள் ஊரில் சோளக்காட்டில் பரண் கட்டி மானையும் பன்றியையும் விரட்ட ராத்திரி முழுக்கத் தகரம் தட்டுவோம். இங்கே வரட்டும் என்று மூச்சுக்கூட விடாமல் உட்காருகிறார்கள். அவரிடம் சொன்னேன், சிரித்தார்.

சீசனின் முதல் நாள் நான் போகவில்லை. விடியலில் சமையலறையில் நின்றிருந்தபோது தூரத்தில் ஒன்றிரண்டு வெடிச் சத்தம் கேட்டது. மதியம் ஆரஞ்சுச் சட்டையோடு வந்து, ஒரு பெண் மான் என்றார். தலையைச் சோதனைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்திருந்தார். நான் ஊருக்குக் கிளம்பும்வரை முடிவு வரவில்லை. இறைச்சி, வெள்ளைத் தாளில் கட்டிய பொட்டலங்களாக அவர் ஃப்ரீஸரில் அப்படியே இருந்தது.

டிசம்பர் நடுவில் மகள் போனில் சொன்னாள், நோய் இல்லையாம். பாதி இறைச்சியை நிலத்துக்கார அம்மா வீட்டில் கொடுத்திருக்கிறார். ஜனவரியில் ஒரு படம் அனுப்பினார். முழங்கால் பனியில், இலை உதிர்ந்த அந்தக் காட்டில், மான் போன வழிகள் எல்லாம் கோடு போட்டது போலத் தெரிந்தன. தடம் பார்க்க இதைவிட நல்ல மாதம் கிடையாது என்று கீழே எழுதியிருந்தார். அந்த அம்மா அடுத்த வருடத்துக்கும் சரி சொல்லிவிட்டாராம். கிழக்கு வேலி பாக்கி இருக்கிறது.