யாருடைய பாட்டு?

கடந்த கோடை விடுமுறையில், கல்லூரி மாணவனான என் பெயரன் தன் அறைச் சன்னல்களைப் போர்வைகளால் மூடிவிட்டு, பாப் டிலன் இயற்றிய ‘ஆல் அலாங் தி வாட்ச்டவர்’ என்ற ராக் பாடலைத் தானே வாசித்துப் பாடிப் பதிவு செய்தான். மூன்றே கார்டுகள் மீண்டும் மீண்டும் சுழலும் பாடல் அது. ஒரு கிட்டார், ஓர் ஒலிவாங்கி, அதை மடிக்கணினியுடன் இணைக்கும் சிறு கருவி, விலையின்றிக் கிடைக்கும் ‘ஆடாசிட்டி’ மென்பொருள், இவ்வளவே முதலீடு. மின்விசிறியை நிறுத்துவதும், சமையலறையில் குக்கர் விசில் எழாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. தாளம், கிட்டார், குரல் ஆகியவற்றைத் தனித்தனித் தடங்களில் பதிந்து, பிறகு இணைத்தான். 1968-இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இதே பாடலை லண்டனில் நான்கு தட நாடாவில் தொடங்கி, நியூயார்க் பதிவுக்கூடத்தில்தான் முடிக்க முடிந்தது. அன்று பெரும் மூலதனம் கேட்ட வேலை இன்று படுக்கையறையில் நடந்துவிடுகிறது.

“இதை இணையத்தில் ஏற்றலாமா தாத்தா?” என்றான். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற துணிவில் “தாராளமாக” என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் சட்டத்தைப் புரட்டினேன்.

ஒலிப்பதிவு செய்யப்பட்ட எந்தப் பாடலுக்குள்ளும் இரண்டு உடைமைகள் உண்டு. வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு மற்றொன்று. டிலன் தம் பாடல்களின் படைப்புரிமையை 2020-இல் யுனிவர்சல் நிறுவனத்துக்கு விற்றார். அவரது ஒலிப்பதிவுகளின் உரிமை சோனியிடம் சென்றதோ தனி ஒப்பந்தத்தின் வழியே. பெயரன் எவருடைய ஒலிப்பதிவையும் தொடவில்லை. ஆனால் படைப்பைத் தொட்டுவிட்டான்.

அமெரிக்காவில் இச்சிக்கல் பழையது. துளையிட்ட காகிதச் சுருளால் இயங்கும் பியானோக்கள் பரவிய காலத்தில், அச்சுருள் பாடலின் பிரதியாகாது என்று 1908-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் படைப்பாளிக்கு உரிமை அளித்தது. அவ்வுரிமை முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக, முதல் பதிவுக்குப் பின்னர் யார் வேண்டுமானாலும் பிரதிக்கு 2 சென்ட் செலுத்திப் பதிந்துகொள்ளலாம் என்றும் வகுத்தது. அந்த 2 சென்ட் 1977 முடியும் வரை மாறவேயில்லை. பணவீக்கத்தைப் பாடமாக நடத்தியவனுக்கு இது வேதனையான வேடிக்கை! 2023-இல் அது 12 சென்ட் ஆயிற்று.

நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி 31சி என்ற பிரிவு சேர்ந்தது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டின் முடிவிலிருந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், முன்னறிவிப்புக் கொடுத்து, ராயல்டியை முன்கூட்டியே செலுத்தி, எவரும் கவர் பதிவு வெளியிடலாம். தொழில்நுட்பத் தேவைக்கு மேல் படைப்பை மாற்றக் கூடாது. மூலப்பதிவு என மயங்கவைக்கும் உறை கூடாது. இவை நியாயமானவையே. இடறுவது அடுத்த விதி. அதிகார அமைப்பு குறைத்து ஆணையிட்டாலொழிய, ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி தர வேண்டும். கேசட் நிறுவனங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட எண் அது. உறவினரும் நண்பருமாக இருநூறு பேர் கேட்கக்கூடிய பதிவுக்கு இது பொருந்துமா?

மேலும், இவ்வுரிமம் ஒலிக்கு மட்டுமே. இன்றைய இளைஞர் வெளியிடுவதோ காணொலி. படத்துடன் பாடலை இணைக்க உரிமையாளரிடம் தனியாகப் பேசியாக வேண்டும், அமெரிக்காவிலும் அப்படித்தான். ரொனால்டு கோஸ் சுட்டிய பரிவர்த்தனைச் செலவு என்பது இதுதான். நூறு ரூபாய் பெறாத அனுமதிக்குப் பல்லாயிரம் ரூபாய்க் கடிதப் போக்குவரத்து. பெரிய காணொலித் தளங்கள் இதற்குத் தாமே ஒரு வழி செய்துகொண்டன. மென்பொருள் மெட்டை அடையாளம் காண்கிறது. உரிமையாளர் விளம்பர வருவாயை எடுத்துக்கொள்கிறார் அல்லது காணொலியை முடக்குகிறார். இதில் படைப்பாளிக்கும் பங்கு போகிறது என்பது நல்லதே. எனினும் முடிவு முழுவதும் ஒரு தரப்பின் விருப்பம்.

50,000 என்ற எண்ணை நீக்கி, உண்மையில் கேட்கப்பட்ட எண்ணிக்கைக்கு ஏற்பச் சிறு கட்டணம் விதிப்பதே முறை என்பது என் கருத்து. ஒவ்வொரு கேட்பையும் கணினி எண்ணும் காலத்தில் அது கடினமன்று.

பெயரனின் பதிவு இன்னும் அவன் மடிக்கணினியிலேயே இருக்கிறது. வீட்டார் மட்டும் கேட்கிறோம். இரண்டாவது சரணத்தில் குக்கர் விசில் லேசாகக் கேட்கும். அது என் கவனக்குறைவு.