மான்ட்ரியாலில் இருக்கும் மயிலாப்பூர்ப் பறவைகள்

அபிராமபுரத்துக்குக் கிழக்கே, சாந்தோம் பக்கம் தோட்ட வீடுகளும் வயல்களுமாக இருந்த காலம். அன்றைய சென்னை உச்ச நீதிமன்ற நீதிபதியின் மனைவி எலிசபெத் க்வில்லிம் 1801இல் இங்கு வந்தார். உள்ளூர்க்காரர்கள் உயிருடன் பிடித்து வந்த பறவைகளைப் பார்த்து நீர்வண்ணத்தில் தீட்டினார். சில படங்கள் பறவையின் நிஜ அளவுக்கே வரையப்பட்டவை. 1807இல் இங்கேயே இறந்துபோனார். அவருடைய படங்களில் 121 இன்று மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. 1924இல் பறவையியலாளர் கேசி வுட் அவற்றை லண்டனில் கண்டெடுத்தார். பறவைப் படங்களுக்குப் பெயர்போன ஆடுபன் தன் நூலை வெளியிடத் தொடங்கியதே க்வில்லிம் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1827இல்தான்.

இன்று அதே பக்கத்தில், அடையாற்று முகத்துவாரத்தை ஒட்டித் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த கழிமுகத்தில் 58 ஏக்கரை மீட்டு 2011இல் திறந்தார்கள். கேமராவுடன் போகிறவர் ஒரு காலைப் பொழுதில் நூறு படம் எடுத்துவிடலாம். எந்தப் பறவையையும் பிடிக்க வேண்டியதில்லை. இது பெரிய லாபம், சந்தேகமே இல்லை. ஆனால் இறகு இறகாகத் தீட்டுகிறவருக்கு, எந்த இறகு எதன்மேல் படிகிறது என்று பார்க்காமல் தூரிகையை வைக்க முடியாது. கேமரா அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அதோடு அந்த நிதானமும் பலரிடம் போய்விட்டதாகவே நினைக்கிறேன்.

செடிகளின் கதை வேறு. மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை சென்னையில் வெளியிட்ட ‘ஐகோனஸ்’ தொகுதிகளில் 2101 படங்கள். பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள். கல்லச்சில் ஏறிய அந்தப் பக்கங்களில் இலையும் பூவுமாக ஒரு கிளை. கீழே பிளந்த பூ, தனியே எடுத்த மகரந்தத்தாள், குறுக்கே அறுத்த சூலகம், முற்றிய காய். வெவ்வேறு மாதங்களில் காண்பதெல்லாம் ஒரே தாளில். ஒற்றைப் புகைப்படத்தில் இது வராது. அதனால்தான் புதிய செடியொன்றை அறிவிக்கும் கட்டுரைகளில் கோட்டோவியம் இன்றும் இடம்பெறுகிறது. திருச்சியில் பாதிரியார் மேத்யூ 1982இல் வெளியிட்ட தமிழகத் தாவரப் படத்தொகுதியும் கோட்டோவியங்கள்தான்.

அன்று வைட்டின் தொகுதிகளை வாங்க வசதி வேண்டியிருந்தது. இன்று செயின்ட் மேரீஸ் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி கைபேசியில் பெரிதாக்கிப் பார்க்கலாம், காசில்லாமல். க்வில்லிமின் பறவைகளையும் மெக்கில் அப்படியே திறந்து வைத்திருக்கிறது.

க்வில்லிமுக்குத் தாவரவியல் கற்றுத்தந்த ராட்லர் பாதிரியார் அவர் நினைவாகச் சூட்டிய ‘க்விலிமியா’, மக்னோலியாவின் ஒரு பிரிவுக்குப் பெயராக இன்றும் வழங்குகிறது. வைட்டும் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயியா’ என்று பெயரிட்டார். பின்னாளில் அது ட்ரோபிடியா என்ற வேறு பேரினத்துக்குள் சேர்க்கப்பட, அந்தப் பெயர் வழக்கொழிந்தது. கோவிந்துவின் பெயரைப் பார்க்க வேண்டுமானால் அவர் வரைந்த படங்களின் அடிவிளிம்பில்தான் பார்க்க வேண்டும்.