தள்ளுபடி அட்டைக்குப் பணம் கட்டும் முன்

சில மாதங்களுக்கு முன், திருச்சுழி அருகேயுள்ள ஒரு சிற்றூரிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவரை எங்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவிற்கு அழைத்து வந்தனர். விடியற்காலையில் தொடங்கிய நெஞ்சுவலி. எங்களிடம் வந்து சேர்ந்தபோது நண்பகல் கடந்திருந்தது. அவர்கள் வீட்டில் மருத்துவ உறுப்பினர் அட்டை ஒன்று இருந்தது. அது செல்லுபடியாகும் மருத்துவமனை மதுரையில் இருந்ததால், வாடகைக் கார் வரும்வரை காத்திருந்து புறப்பட்டிருக்கிறார்கள். வழியில் மூச்சுத் திணறல் அதிகமாகவே அருப்புக்கோட்டையில் இறக்கினார்கள். அம்மையார் உயிர் பிழைத்தார். ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி மீளாத அளவுக்குச் சேதமடைந்துவிட்டது.

பின்னர் அந்த அட்டையை நாங்கள் படித்துப் பார்த்தோம். புறநோயாளிக்கான ஆலோசனைக் கட்டணத்திலும் சில பரிசோதனைகளிலும் 10 விழுக்காடு தள்ளுபடி, அவ்வளவே. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு அதனால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. "இன்சூரன்ஸ்னு நினைச்சுத்தான் சார் பணம் கட்டினோம்" என்றார் அவருடைய மகன்.

இக்குழப்பம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. எனவே இதனைச் சற்று விரிவாக விளக்க விரும்புகிறோம்.

காப்பீடும் தள்ளுபடியும் ஒன்றல்ல

காப்பீட்டில், பெருஞ்செலவு நேரும்போது நிறுவனம் தொகையைச் செலுத்துகிறது. அதனை இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே வழங்க இயலும். பதிவு எண் ஆவணத்தில் அச்சாகியிருக்கும். தள்ளுபடி அட்டையில் செலவு முழுவதும் நம்முடையதே. அதில் ஒரு சிறு பகுதி மட்டும் குறையும். 2 லட்சம் ரூபாய்க் கட்டணத்தில் 10 விழுக்காடு குறைந்தாலும் 1,80,000 ரூபாயை நாம்தான் திரட்ட வேண்டும்.

தள்ளுபடி அட்டைகள் அனைத்தும் வீண் என்று நாங்கள் கூறவில்லை. சில குடும்பங்களுக்கு அவை பயன்படும். யாருக்குப் பயன்படும் என்பதை ஒரு தாளும் பேனாவும் கொண்டு கண்டறியலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆண்டுச் சந்தா 1,500 ரூபாய், தள்ளுபடி 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். கட்டிய பணம் திரும்பி வருவதற்கே தள்ளுபடிக்கு உட்பட்ட செலவு 15,000 ரூபாயாக இருக்க வேண்டும். நீரிழிவு நோயாளி ஒருவர் உள்ள வீட்டில், கடந்த ஆண்டு மருத்துவர் கட்டணம் 1,800, பரிசோதனைகள் 3,200, மருந்துகள் 9,600 ரூபாய் ஆகியிருந்தால் மொத்தம் 14,600. ஏறக்குறைய ஈடாகிறது என்றே தோன்றும். ஆனால் மருந்துகளுக்குத் தள்ளுபடி இல்லையெனில் கணக்கில் சேர்வது 5,000 ரூபாய் மட்டுமே, மிச்சமாவது 500. ஆக, 1,000 ரூபாய் நட்டம்.

மாறாக, முதியவர் இருவர் இருந்து, ஆலோசனைக்கும் பரிசோதனைக்குமே ஆண்டுக்கு 18,000 ரூபாய் செலவாகி, தள்ளுபடி 20 விழுக்காடாக இருந்தால் 3,600 ரூபாய் மிச்சமாகும். அங்கே அட்டை வாங்குவது தகும்.

எனவே கடந்த ஆண்டின் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு இக்கேள்விகளைக் கேளுங்கள். எவற்றிற்குத் தள்ளுபடி? எவற்றிற்கு இல்லை? எந்த மருத்துவமனைகளில்? குடும்பத்தில் எத்தனை பேருக்கு? அட்டையின்றிச் சென்றால் அதே பரிசோதனைக்கு என்ன கட்டணம்? விடைகளை எழுத்தில் பெறுங்கள். எங்கள் மருத்துவமனை அறிவிக்கும் சலுகையாயினும் இவற்றைத் தயங்காமல் கேளுங்கள். 'அட்டை இருக்கிறதே' என்பதற்காகத் தேவையற்ற பரிசோதனைகளைச் செய்துகொள்வதும் செலவே.

மருந்துச் செலவைக் குறைக்க, அதே மூலப்பொருள் கொண்ட விலை குறைந்த மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகத்திலும் அத்தகைய மருந்துகள் கிடைக்கின்றன. அங்கே உறுப்பினர் சந்தா ஏதுமில்லை.

முன்பே உங்களுக்கு உரியவை

ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்து, தையிலும் மாசியிலும் காசைக் கண்ணால் பார்க்கும் மானாவாரிக் குடும்பத்திற்கு 1,500 ரூபாய் சிறு தொகையன்று. அதனைச் செலவிடும் முன், கட்டணமின்றிக் கிடைப்பவற்றைப் பெற்றுவிட்டோமா என்று பார்க்க வேண்டும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு, அங்கீகரிக்கப்பட்ட அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. குடும்பத்தினர் பிரீமியம் செலுத்த வேண்டியதில்லை. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் விருதுநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தை அணுகலாம். மேலே கூறிய அம்மையாரின் குடும்பமும் இதற்குத் தகுதியுடையதே. வருமானச் சான்று வாங்க நாளைத் தள்ளிப்போட்டதால் அட்டை கைக்கு வரவில்லை.

நூற்பாலைகளில் பணிபுரிவோர் சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களிடம் இ.எஸ்.ஐ.க்காக 0.75 விழுக்காடு பிடிக்கப்படுகிறது, நிர்வாகம் 3.25 விழுக்காடு செலுத்துகிறது. அதன் மருத்துவ வசதி உங்களைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் உரியது. பணம் கட்டியும் பயன்படுத்தாத பலரை நாங்கள் காண்கிறோம்.

இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே வந்தும் வழங்குகிறார்கள்.

இறுதியாக ஒன்று

நெஞ்சுவலி, திடீரென வாய் கோணுதல், கை கால் செயலிழத்தல், மூச்சுத் திணறல் ஆகியவை நேர்ந்தால் எந்த அட்டையையும் தேட வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதயம் காப்போம் திட்டத்தின் கீழ் 2023 முதல், மாரடைப்புக்கான முதற்கட்ட மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டுள்ளன. கட்டணத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். இழந்த நேரத்தை எந்தத் தள்ளுபடியாலும் ஈடு செய்ய இயலாது.

அம்மையார் இப்போது மாதந்தோறும் பரிசோதனைக்கு வருகிறார். சென்ற முறை வந்தபோது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மகன் எங்களிடம் காட்டினார். பழைய அட்டையைப் புதுப்பிக்கவில்லை என்றும் கூறினார்.