வால் நட்சத்திரத்தை மறைத்த சட்டை!
10 வருட உழைப்பு; கண்ணீர் விட்ட விஞ்ஞானி

பத்து வருஷம் காத்திருந்து, வால் நட்சத்திரத்தின் மேல் எந்திரத்தை இறக்கினார்கள். ஆனால் ஊரெல்லாம் பேசியது எதைப் பற்றி தெரியுமா? ஒரு சட்டையைப் பற்றி!

"ரொசெட்டா" விண்கலம் 2004-ம் ஆண்டு மார்ச் 2-ந்தேதி கிளம்பியது. 640 கோடி கிலோ மீட்டர் சுற்றிப்போய் வால் நட்சத்திரத்தை எட்டிப் பிடித்தது. 2014 நவம்பர் 12-ந்தேதி, அது சுமந்து சென்ற "பிலே" என்ற எந்திரம் தனியே பிரிந்தது. எடை 100 கிலோ. 7 மணி நேரம் மெல்ல மெல்ல இறங்கியது.

பந்து போல துள்ளியது

தரையில் குத்தி நிற்க வேண்டிய ஈட்டிகள் பாயவில்லை. எந்திரம் பந்து போல துள்ளியது! 2 மணி நேரம் கழித்து பாறை நிழலில் போய் விழுந்தது. அங்கே வெயில் போதவில்லை. பாட்டரியில் இருந்ததோ சுமார் இரண்டரை நாள் மின்சாரம். அதற்குள் ஆராய்ச்சி செய்து, தகவலை அனுப்பிவிட்டு தூங்கிப் போனது.

வந்தது வம்பு

இறங்கிய அன்று, திட்ட விஞ்ஞானி மாட் டெய்லர் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்து டெலிவிஷனில் பேசினார். அவர் சட்டை முழுக்க அரைகுறை ஆடைப் பெண்களின் படம்! சிநேகிதி ஒருவர் பரிசாகத் தைத்துக் கொடுத்தது அது.

"இப்படி இருந்தால் பெண்கள் எப்படி விஞ்ஞானத்துக்கு வருவார்கள்?" என்று பெண் விஞ்ஞானிகள் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு நிற்கவில்லை. வசவுகள் குவிந்தன. "சட்டையா பெரிசு? சாதனைதானே பெரிசு!" என்று இன்னொரு கூட்டம் மல்லுக்கு நின்றது.

2 நாள் கழித்து டெய்லர் மீண்டும் பேச வந்தார். "பெரிய தப்பு செய்துவிட்டேன்" என்றார். குரல் தழுதழுத்தது. அழுதுவிட்டார்.

யாருக்குத் தெரியும்?

அதே ரொசெட்டாவில் இருந்த ஒரு கருவிக்குத் தலைவர் ஒரு பெண்மணி. சுவிட்சர்லாந்து, பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்ரின் ஆல்ட்வெக். உயிர்களுக்கு வேண்டிய "கிளைசின்" என்ற பொருள் வால் நட்சத்திரத்தில் இருப்பதை 2016-ல் அவரது குழு அறிவித்தது.

சட்டைக்காக சண்டை போட்ட இரண்டு கட்சியிலும், அந்த அம்மாளின் பெயரைச் சொன்னவர்கள் எத்தனை பேர்?